எட்டு வேணாம், ஏழு வையி

போன செமஸ்டர் லீவில் எங்கள் பெட்ச் தோழி ஒருத்தி முன்கையில் டெட்டூ போடப் போவதாகச் சொன்னாள். ஐரிஷ் முடிச்சு. போனில் படத்தையும் காட்டினாள். நாலு இழைப் பின்னல் மாதிரி ஒரு பட்டை. தொடக்கமும் தெரியாது முடிவும் தெரியாது, ஒரே கோடு சுற்றிச் சுற்றி வந்து தன்னையே பிடித்துக்கொள்கிறது. படத்துக்குக் கீழே 'அப்பா மகள் முடிச்சு' என்று எழுதியிருந்தது. அவளுடைய அப்பா இறந்து இரண்டு வருஷம். அதனால் நாங்கள் யாரும் கேலி பண்ணவில்லை. டிசைனுக்குத் தனிக் காசு, குத்துவதற்குத் தனிக் காசு என்று கடையில் சொன்னார்களாம். "நீங்களே வரைஞ்சு குடுங்கடா" என்றாள். பின்னல் தானே, என்ன பெரிய விஷயம் என்று ஒத்துக்கொண்டோம்.

முழுசாக இரண்டு நாள் போனது. அவள் கை நீளத்துக்குப் படத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது, அங்கேதான் சிக்கல். மூலப்படத்தில் ஒரே கோடாக இருந்தது எங்கள் கொப்பியில் இரண்டு தனித்தனி வளையமாக வந்தது. அழித்து வரைந்தோம், திரும்பவும் இரண்டு. கொப்பித்தாள் ரப்பர் பட்டுக் கிழிந்ததுதான் மிச்சம்.

எங்களில் ஒருவனுடைய வீடு ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில். அங்கே லயத்து வாசலில் உட்கார்ந்துதான் இந்தக் கூத்தெல்லாம் நடந்தது. அவனுடைய அப்பாயி வெத்தலை இடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இது என்னா, கம்பிக்கோலத்த போயி கடுதாசில கிறுக்கி வச்சிருக்கீங்க?"

அயர்லாந்து என்றோம். அது எங்கே இருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. பென்சிலை வாங்கி, பின்னலின் நடு வரிசைக் கண்களை விட்டுவிட்டு, மேல் வரிசைக் கண்களிலும் கீழ் வரிசைக் கண்களிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. வாய்க்குள் எண்ணினார். "எட்டு வேணாம், ஏழு வையி. எட்டு வச்சா ரெண்டாத்தான் போகும்."

ஏழு வைத்தோம். ஒரே கோடு.

இதை நம்பாதவர்கள் இப்போதே ஒரு தாளை எடுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லாம் கோடு வெட்டிக்கொள்கிற மாதிரி, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்துக்கொண்டு போங்கள். பன்னிரண்டு புள்ளியையும் சுற்றிவிட்டுக் கோடு தொடங்கிய இடத்துக்கே வரும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று கோடு. நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் பொதுக் காரணிகளுட் பெரியது என்று ஒன்று படித்தோமே, அதுதான்: வரிசை எண்ணிக்கைக்கும் வரிசையிலுள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் பொ.கா.பெ. எதுவோ அத்தனை கோடு வரும். இரண்டுக்கும் எட்டுக்கும் இரண்டு, இரண்டுக்கும் ஏழுக்கும் ஒன்று. அப்பாயி மூன்றாம் வகுப்போடு நின்றவர். பொ.கா.பெ. என்றால் ஏதோ கட்சிப் பெயர் என்று நினைப்பார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இந்த முடிச்சுகளைப் பற்றி உட்கார்ந்து படித்தோம். படித்ததில் எங்களைப் பிடித்து நிறுத்தியவர் ஒரு சித்திர வாத்தியார். ஜோர்ஜ் பெய்ன். 1881இல் ஸ்கொட்லாந்தின் வடகோடியில் பிறந்தவர், கர்கோல்டி உயர்பாடசாலையில் பல காலம் சித்திரப் பகுதித் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் கெல்டிக் வடிவங்களுக்குப் பஞ்சமே இல்லை. கல் சிலுவைகள் வயலிலும் தேவாலய முற்றத்திலும் நின்றன. கி.பி. 800 வாக்கில் உருவான கெல்ஸ் நூல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பத்திரமாக இருந்தது. ரொமிலி அலன் என்ற ஆய்வாளர் முடிச்சுகளை வகை பிரித்து 1903, 1904ஆம் ஆண்டுகளிலேயே பெரிய புத்தகங்கள் போட்டுவிட்டார். சாதாரணப் பின்னலை எடுத்து, அங்கங்கே இழையை அறுத்து வேறு பக்கம் சேர்த்துவிட்டால் முடிச்சு வருகிறது என்பது அலன் சொன்ன விளக்கம்.

ஆனால் வெறுந்தாளை முன்னால் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. கற்களையும் ஏடுகளையும் பார்த்துப் பார்த்து, அந்தக் கை முதலில் எதைப் போட்டிருக்கும், அடுத்து எதைப் போட்டிருக்கும் என்று பெய்ன் பின்னோக்கிக் கண்டுபிடித்தார். தன் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். 1951இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே 'கட்டும் முறைகள்' என்று இருக்கிறது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் கெல்டிக் முடிச்சுப் பழகுகிறார்கள் என்றால் அதில் பெரும் பங்கு அந்தப் புத்தகத்துக்குத்தான். பெருமை பேசுகிற புத்தகமாக அது இருந்திருந்தால் எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்காது.

நாங்கள் சொல்ல வருவது இதைத்தான். ஒரு வரைகலை அழியும்போது முதலில் போவது வடிவம் இல்லை, வழி. படம் எப்படியாவது தங்கிவிடும். கோலத்தைக் கூகுள் பண்ணிப் பாருங்கள், கொட்டிக் கிடக்கிறது. ஆனால் புள்ளி எங்கே, கோடு எந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, பிழைத்துவிட்டால் எந்த இடத்தில் திருத்தலாம், இதெல்லாம் முடிந்த கோலத்தின் போட்டோவில் இருக்காது. நாங்களும் அந்தப் பிழையைச் செய்தவர்கள்தான். ஒவ்வொரு மார்கழியிலும் அப்பாயி போட்டு முடித்த பிறகு போய் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறோம். அவர் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த நேரத்தில் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை.

கெம்பஸ் பொங்கல் விழாவிலும் கோலப்போட்டி நடக்கிறது. ஆளுக்கொரு சதுரம், ஒரு மணித்தியாலம், கலர்ப்பொடி. மயில், குத்துவிளக்கு, பானை வரைந்தவர்களுக்குப் பரிசு. நாங்கள் பார்த்தவரையில் கம்பிக்கோலத்துக்குப் பரிசு கிடைத்ததில்லை, வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால் மேடையிலிருந்து தெரியாதாம். போட்டி நடத்துகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் கலாசாரத்துக்காகத் தரையில் படம் வரைவதும் கோலம் பழகுவதும் ஒன்று என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, இதையெல்லாம் பேசத் தொடங்கியதும் கட்டாயம் வரும் கேள்வி: "நம்ம கிட்டயே கோலம் இருக்கும்போது வெள்ளைக்காரன் முடிச்சு எதுக்கு?" எங்கள் வட்சப் குரூப்பிலேயே வந்தது. கேட்டவருக்கு முதல் பதில், அந்த வெள்ளைக்கார முடிச்சு இல்லாவிட்டால் நாங்கள் அப்பாயியிடம் போயிருக்கவே மாட்டோம். இரண்டாவது பதில், அது அவ்வளவு சுத்தமான கெல்டிக்கும் இல்லை. பழைய கெல்டியரின் உலோக வேலைகளில் சுருளும் வளைவும்தான் பிரதானம். இந்தப் பின்னல் ரோமர்களின் தரைச் சித்திரங்களிலும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் முன்பே இருந்தது. கிறிஸ்தவத் துறவிகள் அதை எடுத்து அயர்லாந்திலும் அயோனாத் தீவிலும் வட இங்கிலாந்திலும் வேறு ஒரு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். கெல்டிக் சின்னம் என்று டீசேட்டில் விற்கிற மூன்று சுருளைப் பாருங்கள். அதற்குப் பேர்போன இடம் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை. அது சுமார் 5,200 வருஷம் பழசு. கெல்டிக் என்று நாம் சொல்கிற பண்பாடு அங்கே வருவதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னால் யாரோ செதுக்கியது.

எங்கள் மாவட்டத்துக்கு வாருங்கள். ஏ9 வீதியில் தம்புள்ளைக்குப் போகிற வழியில் நாலந்தா கெடிகே இருக்கிறது. பௌத்த வழிபாட்டிடம், கட்டிடம் பல்லவர் கோயில் சாயலில். நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அது யாருடையது என்று சண்டை பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கல்லை எப்படிச் செதுக்கினார்கள் என்று கேட்கிற ஆள் குறைவு.

ஆனந்த குமாரசுவாமி அப்படிக் கேட்ட ஆள். 1877இல் கொழும்பில் பிறந்தவர், தமிழ் அப்பா, ஆங்கிலேய அம்மா. கனியங்களை ஆராய வந்தவர் கண்டிநாட்டுக் கிராமங்களில் கைவினைஞர்களைத் தேடி அலைந்தார். 1908இல் வந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற அவருடைய புத்தகத்தை நாங்கள் நூலகத்தில் மேய்ந்தோம். அதில் வடிவங்களின் பட்டியல் மட்டும் இல்லை, ஒரு பையன் சித்திரம் பழகும்போது முதலில் எதைப் பழகுகிறான் என்றும் இருக்கிறது. வக தெக, அதாவது இரட்டை வளைவு. ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் திரும்புகிற ஒரு கோடு. அது கையில் படிந்த பிறகுதான் இலை, பூ, கொடி எல்லாம்.

எங்களுக்குச் சுரீரென்றது. ஓ.எல். சித்திரப் பாடத்தில் நாங்களும் லியவெல வரைந்தவர்கள்தான். பெயரை மனப்பாடம் பண்ணி, படத்தைப் பார்த்து வரைந்து, பச்சையும் சிவப்பும் தீட்டி மார்க்ஸ் வாங்கினோம். அந்தக் கொடி முழுவதும் ஒரே இரட்டை வளைவின் பிள்ளைகள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது 'அவங்க' கலை, பரீட்சைக்குப் போதும் என்பதுதான் எங்கள் எண்ணம். மாத்தளையிலேயே ஹப்புவிட என்ற கிராமத்தில் அரக்கு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சூடு பண்ணிய அரக்கை நூல் மாதிரி இழுத்து, மரத்தின் மேல் வைத்து, பெருவிரல் நகத்தால் துண்டித்து வடிவம் போடுவார்கள். அப்பாயி பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைக் கோடாக விடுகிற மாதிரிதான் அதுவும். எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போக அரை நாள்கூட ஆகாது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் போனதில்லை.

டெட்டூ விஷயத்தை விட்டுவிட்டோம். பெரிய சங்கடம் அங்கேதான் வந்தது. முடிச்சைப் பற்றிப் படிக்கப் படிக்க, 'அப்பா மகள் முடிச்சு', 'அக்கா தங்கை முடிச்சு' என்பதெல்லாம் நம் காலத்து வியாபாரப் பெயர்கள் என்று தெரிந்துகொண்டோம். ஏடுகளை எழுதிய துறவிகள் இந்த முடிச்சுக்கு இதுதான் பொருள் என்று அகராதி எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே இழுபறி. கடைசியில் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் வரையும்போது எங்கப்பாவ நெனச்சுக்கிட்டுத்தான் வரைஞ்சேன். அதுக்கு மேல என்னா பொருள் வேணும்?" என்றாள். அவளுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

அயர்லாந்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஜனவரி கடைசி நாளில், புனித பிரிஜிட் திருநாளுக்கு முந்தின இரவு, நாணல் புல்லை மடித்து மடித்து நாலு கை உள்ள ஒரு சிலுவை பின்னுவார்கள். நடுவில் சதுரம், கை நாலும் காற்றாடி மாதிரி. அதை வாசலுக்கு மேலே செருகி வைப்பார்கள். அடுத்த வருஷம் புதிசு. நூதனசாலைக்குப் போகாமலே அது உயிரோடு இருக்கக் காரணம், பிள்ளைகள் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் உட்கார்ந்து புல்லை மடிக்கிறார்கள் என்பதுதான். வருஷத்துக்கு ஒன்று வாசலுக்கு மேலே, எங்களுக்கு நாளைக்கு ஒன்று வாசலுக்குக் கீழே. நாளைக்கு ஒன்று என்பது இப்போது வெள்ளிக்கு ஒன்றாகிவிட்டது, அது வேறு கதை.

வேறு கதை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கோலம் குறைந்ததற்கு 'இந்தக் காலத்துப் பொம்பளைப் பிள்ளைகள்' காரணம் என்று மேடையில் பேசுகிற பெரியவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். விடியும் முன் எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு வாசலில் குந்த நேரம் எங்கே? பலர் விடியக்காலை பஸ்ஸில் கார்மெண்ட்ஸுக்குப் போகிறார்கள். சாணி மெழுகிய வாசல் சிமெந்தாகி, சிமெந்து டைல்ஸ் ஆனது. டைல்ஸில் மா நிற்காது, ஸ்டிக்கர் ஒட்டலாம். அந்த அம்மாவுக்கு ஸ்டிக்கர் பெரிய உதவி. அவர் நேரத்தை யாரும் கூட்டிக் கொடுக்காமல் அவருக்குக் கலாசாரப் பாடம் எடுக்க எங்களால் முடியாது.

ஆண்களுக்கு என்ன தடை? எங்கள் குழுவில் மூன்று பையன்கள். மூன்று பேரும் அதுவரை கோலமாவைத் தொட்டதில்லை. அப்பாயி முதலில் சிரித்தார், பக்கத்து லயத்து ஆச்சி வந்து பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார். அங்கோலாவில் சொக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, விரலை எடுக்காமல் கோடு சுற்றி, கூடவே கதை சொல்வார்கள். சோனா என்று பெயர். பார்த்தால் நம் கம்பிக்கோலத்தின் ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருக்கும். அங்கே வரைகிறவர்கள் ஆண்கள். ஆக, இது பெண்களின் கையில் பிறக்கும்போதே எழுதியிருக்கிற வேலை என்று சொல்வது சும்மா.

கோலத்துக்கு வழி எழுதி வைத்தவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். 1970களில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக எழுதினார்கள். சில நகர்வுகளை வைத்து, அவற்றை எந்த வரிசையில் கோத்தால் எந்தக் கோலம் வரும் என்று. உலகத்தில் கணினி இலக்கணம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். மாத்தளையில் கோலம் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவில்லை. எங்களுக்கே அயர்லாந்தைச் சுற்றித்தான் வந்தது.

2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் வந்தார்கள். கோப்பி பயிரிட வந்த முன்னோர் நடந்த பாதை. முடிவு நாளில் டவுனில் நாங்களும் நின்றோம். அப்படி வந்து சேர்ந்த குடும்பங்களின் பெண்கள் பெட்டி நிறைய எதையும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். கோலத்துக்குப் பெட்டி தேவையில்லை, விரலோடு வரும். அப்பாயிக்கு அவருடைய அப்பாயி சொல்லிக் கொடுத்தது. எங்கள் வரிசையில்தான் அறுந்து நிற்கிறது.

இப்போது இப்படிச் செய்கிறோம். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போகிறோம். போனை ஸ்டாண்டில் வைத்து நேர் மேலிருந்து வீடியோ, முகம் வேண்டாம், கை மட்டும். ஒருவர் கொப்பியில் வரிசையை எழுதுகிறார்: நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எத்தனை, எங்கே தொடக்கம், எத்தனையாவது வளைவில் திரும்பல், எங்கே தயங்கினார். தயங்கிய இடத்தை எழுதுவது முக்கியம் என்று போகப் போகத்தான் தெரிந்தது. அங்கேதான் கணக்கு இருக்கிறது. பிறகு நாங்கள் போட்டுக் காட்ட வேண்டும், அவர் பார்த்துச் சரி என்றால்தான் பக்கம் முடியும். உக்குவளையிலிருந்து வரும் எங்கள் சிங்கள நண்பன் லியவெல சொல்லித் தருகிறான். அவனுக்குக் கோலத்தில் கை எங்களைவிட வேகமாகப் படிந்துவிட்டது. கொஞ்சம் பொறாமைதான்.

ஒரே மேசையில் மூன்றையும் போட்டுப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் தெரிந்தது. கெல்டிக் முடிச்சில் இழை ஒரு தடவை மேலே, அடுத்த தடவை கீழே போகும், கயிறு மாதிரி. கோலத்தில் மேல் கீழ் இல்லை. அங்கே புள்ளியும் கட்டமும் வேலை முடிந்ததும் மறைந்துவிட வேண்டும். ஏடு எழுதியவர்களும் அப்படித்தான். இங்கிலாந்தில் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் ஏட்டில் அலங்காரப் பக்கங்களின் பின்புறம் கவராயம் குத்திய துளைகளும் வழிக்கோடுகளும் இன்னும் தெரிகின்றனவாம், முன்பக்கம் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கோலத்தில் புள்ளி அப்படியே வாசலில் கிடக்கும். எப்படிப் போட்டது என்பதில் பாதியை அது போகிற வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு காலம் தாண்டி வந்தோமே தவிர எண்ணிப் பார்க்கவில்லை.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் கம்பிக்கோலம் தெரிந்த ஒருவர் இருந்தால், முடிந்த கோலத்தை எடுக்காதீர்கள், போடுவதை எடுங்கள். அப்படியே நீங்களும் குந்துங்கள். அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்கலாம், செலவு ஒரு பைக்கட் மா. ஐரிஷ் முடிச்சு பிடித்திருந்தால் அதில் தொடங்குங்கள், தப்பே இல்லை.

இதுவரை இருபத்திரண்டு பக்கம் முடிந்திருக்கிறது. பத்தொன்பது புள்ளி ஊடுபுள்ளிக் கோலம் ஒன்று பாக்கி. அப்பாயியின் கல்யாணத்தன்று அவருடைய அம்மா போட்டதாம். இரண்டு தடவை முயன்றார், இரண்டு தடவையும் பதினோராவது வரிசையில் கோடு திசை மாறிவிட்டது. கையும் நடுங்குகிறது. மழையில் மா கரைந்துவிட்டது, தை பிறந்து வாசல் காயட்டும், வாங்க என்றிருக்கிறார். தோழியின் கையில் ஏழு புள்ளி முடிச்சு வந்துவிட்டது. புள்ளிகளை அழிக்க வேண்டாம் என்று டெட்டூ கடையில் சொல்லிவிட்டாளாம்.